ஊரே இருமிய வாரம்

ஊர் முழுக்க இருமவேண்டும் என்று ஒரு மனுஷி ஆசைப்படுவாளா? புஷ்பவள்ளி ஆசைப்பட்டாள்.

மார்பில் வந்த புற்றுநோய் அவளுடைய நுரையீரலுக்கு இறங்கி இரண்டு வருடமாகிறது. மாத்திரை அதைக் கட்டிப்போட்டிருந்தது, விரட்டவில்லை. புதிதாக இருமல் வந்தால் உடனே வரச்சொல்லியிருந்தார் டாக்டர். அடுத்த ஸ்கேன் அடுத்த மாதம்.

திங்கட்கிழமை காலையில் இருமல் வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருமினாள். கணவன் காளிதாசன் காதில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். அங்கே சொல்லப்போவதைக் கேட்க அவள் தயாராயில்லை.

பீடோங் சந்தைக்குப் போனபோதுதான் கவனித்தாள். வானம் சாம்பலாக இருந்தது. ஜெராய் மலையையே காணோம். மீன் கடை சத்தியசீலன் தராசைப் பிடித்தபடி இருமினான்.

"என்னண்ணே, இருமலா?"

"ஜெரெபு லா தங்கச்சி. எவனோ எங்கியோ காட்டக் கொளுத்துறான், பொகை நம்ம தொண்டையில நிக்குது."

"வறட்டு இருமலா?" அவள் கண்கள் பளபளத்தன.

"நீ என்னா டாக்டரா? மீனு வேணுமா, வேணாமா?"

தேவைக்கு மேலேயே கெம்போங் மீன் வாங்கினாள். காய்கறிக்காரி இருமினாள். பஸ் டிரைவர் இருமினார். ஒரு போலீஸ்காரர் இருமிவிட்டுக் காறித் துப்பினார். புஷ்பவள்ளி நடுத்தெருவில் நின்று, நெஞ்சைத் திறந்து, ஆசைதீர இருமினாள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தாள்.

பக்கத்து வீட்டு மருதம்மாள் மட்டும் இருமாமல் கல்லுமாதிரி இருந்தாள். மறுநாள் அவளும் வேலியோரம் இருமியதும், புஷ்பவள்ளி டீயோடு ஓடினாள்.

"நான் இங்க சாவுறேன், இவ பல்லக் காட்டுறா பாரு!" என்றாள் மருதம்மாள்.

"நல்லா இருமுங்கக்கா!"

அன்று சாயங்காலம் காளிதாசனும் இருமினான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் புகை அளவைப் பார்ப்பாள். ஏறியிருந்தால் பந்தாட்டத்தில் கோல் விழுந்த மாதிரி கத்துவாள். பள்ளிக்கூடத்தை மூடியபோது பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் கொண்டாட்டம்.

சனிக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. ஜெராய் மலை கழுவி வைத்ததுபோல் வெளியே வந்தது. சத்தியசீலனின் இருமல் நின்றது. சில நாளில் மருதம்மாளுக்கும் நின்றது. புஷ்பவள்ளிக்கு நிற்கவில்லை. ஆனால் காளிதாசனும்தானே இருமுகிறான்? அந்த ஒருவனைத்தான் அவள் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

ஒருநாள் காலை அடுப்படியில் அவள் இருமியபோது, அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான், வாயைத் துடைத்தான், பிறகு இருமினான். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னொருவாட்டி இருமுங்க."

இருமினான். கண்ணில் பொட்டு நீரில்லை.

"பொய் இருமல்! எப்பலேர்ந்து?"

"ஜெரெபு வந்ததுலேர்ந்து."

"அப்ப என் இருமலு..."

"மொத நாளே தெரியும். கொழாய் அம்புட்டு நேரம் ஓடுது, நீ வெளிய வர்றப்ப தலை காஞ்சுகிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா நீ வரமாட்டே. எனக்கும் கூப்பிடப் பயம். நானும் இருமுனா ஒனக்குத் தெம்பா இருக்கும்னு பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பு இருமலாக மாறியது. நீண்ட, அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். அவன் அசையாமல் முழுவதையும் கேட்டான்.

"மோட்டார் சாவி எங்க?" என்றாள் மூச்சு வாங்க.

"எங்க போற?"

"ஸ்கேன முன்னுக்குப் போடச் சொல்லணும். இப்படி மாத்தி மாத்தி நடிச்சிக்கிட்டிருந்தா நோய்க்கு முந்தி நாமளே போய்ச் சேந்துருவோம் லா!"

மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மழையில் கழுவப்பட்ட செம்பனைத் தோட்டம் இருபுறமும் பறந்தபோது, எதையோ ஜெயிக்கப் போகிறவள்போல் நெஞ்சு படபடத்தது. குழாயும் இல்லை, புகையும் இல்லை; திறந்த ரோட்டில் உரக்க இருமினாள்.

இந்த முறை அவன் துணைக்கு இருமவில்லை. கைப்பிடியை முறுக்கி வேகத்தைக் கூட்டினான்.