ஒரே பையில் இரண்டு மட்டைகள்

என் நாத்தனார் பையைத் திறந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். மூடினாலும் ஏறும். ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவள் வழக்கம்.

நாங்கள் இருவரும் ஜோடியாக, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலை தாண்டி அடிக்கிற பிக்கிள்பால் ஆட ஆரம்பித்தபோது, ஆளுக்கொரு பை எதற்கு என்று பெரிதாக ஒன்றே ஒன்று வாங்கினோம். அவள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கிரீமும் ஹேர் டையும் இருக்கிற இடத்தில் மட்டையை வைக்காதே என்று சொல்லிப் பையை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பையைப் பராமரிப்பது நான், அதில் குப்பை சேர்ப்பது அவள். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்துவிட்டது.

நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எந்த மாத்திரை முன்னால், எது பின்னால், எது காலாவதி என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். பையிலும் அதே புத்திதான். மட்டைகளுக்கு உறை போட்டு நடு அறையில். அடியில் ஷூவுக்குத் தனி அறை, அந்த நாற்றம் மேலே வரக் கூடாது. ஈரத் துண்டு வெளிப் பக்கத்து வலைப்பையில். பந்துகளை ஒவ்வொன்றாக அமுக்கி, தரையில் உருட்டி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.

"உடம்பெல்லாம் ஓட்டையா இருக்கிற பந்துல நீ புதுசா ஒரு விரிசல் தேடறியே, உன்னை என்ன சொல்றது?" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் தங்கை இந்த ரகமே இல்லை. ஆட்டம் முடிந்ததும் மட்டை, துண்டு, ஷூ, பாதி தின்ற வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரே அறையில் திணித்து, "அண்ணி, எல்லாம் வெச்சிட்டேன்" என்று சொல்வாள். வீட்டில் வந்து கொட்டினால் ஹேர்பின் விழும், சீப்பு விழும், ஒருமுறை பார்லரில் தேடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தே விழுந்தது. அதற்காக நான் கத்துவேன். அவள் திருப்பிக் கத்துவாள். மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் காரில் இதுதான் எங்கள் பேச்சு.

இந்தச் சண்டைகளோடு ஒரு போட்டியில் அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டோம். அதற்கு முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்கு ஜெயிச்சிடுங்க. இல்லேன்னா பேங்க்காரம்மா தங்கச்சியைக் கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க."

"எந்தப் பேங்க்காரம்மா?"

அவர் குழம்பை மும்முரமாகப் பிசைந்தார். நான் விடவில்லை. பார்லருக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிற அந்த அம்மா, அடுத்த போட்டிக்குத் தன்னோடு ஜோடி சேரச் சொல்லி இவளைக் கேட்டிருக்கிறாள். இவளும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக எனக்கு.

பேங்க்காரம்மா என்னைவிட இளையவள், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறவள். என் முட்டி எனக்குச் சொன்னபடி கேட்பதில்லை. நாத்தனாரோடு ஆடும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு வாரத்திலேயே நல்ல பொழுது. அது கை நழுவிப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எனக்குப் பயம் வந்தால் கை சும்மா இருக்காது. பையை எடுத்துக் கொட்டினேன். மட்டைகளின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். ஷூவின் உள்பட்டையைக் கழற்றி ஜன்னலோரம் காய வைத்தேன். கனமாக இருக்கிறதே என்று உபரியாகக் கிடந்த அவளுடைய பழைய மட்டையை வெளியே எடுத்து வைத்தேன். கடைசியில் அவள் மட்டையின் கைப்பிடி கண்ணில் பட்டது. சுற்றியிருந்த பட்டை அழுக்கேறிக் கறுத்து, பிசுபிசுவென்று இருந்தது. அதை உரித்துப் போட்டுப் புதிய வெள்ளைப் பட்டையை இழுத்து, சுருக்கமே இல்லாமல் சுற்றினேன். கடையில் சுற்றித் தருகிறவன்கூட அப்படிச் சுற்றமாட்டான். இதைப் பார்த்தாவது என் அருமை தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கோர்ட்டில் மட்டையை எடுத்தவள், "அட, புதுசு!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி முதல் கேமின் பாதிவரைகூடத் தாங்கவில்லை. அவள் அடித்த பந்து வலையில் விழுந்தது. அடுத்தது கோட்டுக்கு வெளியே. கையை ஸ்கர்ட்டில் துடைத்தாள், மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்தாள், மறுபடியும் வலை. என்னை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டாள், அதனால்தான் மனசில்லாமல் ஆடுகிறாள் என்றே நான் நினைத்தேன். கேமைத் தோற்றோம்.

இடைவேளையில் பெஞ்சில் வந்து மட்டையைத் தொப்பென்று போட்டாள். "அண்ணி, இதை யார் சுத்தினா?"

"நான்தான். ஏன், என்ன குறை?"

கைப்பிடியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பட்டையின் ஓரமெல்லாம் சுருண்டு எழுந்து நின்றது, மேலே ஒட்டியிருந்த டேப்பும் பிய்ந்து வந்திருந்தது. "நான் எந்தக் கை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இடக்கைக்காரி. இடக்கைக்குப் பட்டையை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கப் பிடிக்க ஓரம் கிளம்பும். எனக்குத் தெரியாததா? அவள் இடக்கை, நான் வலக்கை என்றுதானே இத்தனை காலம் கோர்ட்டில் இடம் பிரித்து நிற்கிறோம்! ஆனால் பட்டையைச் சுற்றியது என் கை. அது தனக்குத் தெரிந்த பக்கமாகச் சுற்றிவிட்டது.

"அந்தப் பழைய மட்டையை எடுங்க" என்றாள்.

"அதை வீட்லயே வெச்சிட்டேன். கனமா இருந்தது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. பிறகு தரையில் உட்கார்ந்து, "பிடிங்க" என்று மட்டையின் முகத்தை என் மடியில் வைத்தாள். நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் பட்டையைப் பரபரவென்று உரித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். கோணல் மாணலாக, அங்கங்கே மேடும் பள்ளமுமாக. இழுத்துச் சரி செய்ய என் விரல் துடித்தது. "கையை எடுங்க!" என்று ஒரு போடு போட்டாள். எடுத்துவிட்டேன்.

அந்தக் கோணல் பட்டையோடு அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடடா! இரண்டாவது கேமை அள்ளிக்கொண்டு வந்தோம். மூன்றாவதில் சரிக்குச் சரியாக வந்து, கடைசியில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பந்து வந்தது. அவள் அடிப்பாள் என்று நான் விட்டேன், நான் அடிப்பேன் என்று அவள் விட்டாள். பந்து எங்களைக் கடந்து போனது. தோற்றோம்.

காரில் ஏறியதும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு அது வழக்கமே இல்லை. இரண்டு தெரு தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

"பேங்க்காரம்மா விஷயம் உங்கண்ணன் சொல்லிட்டார். நீ போய் அவங்களோடயே ஆடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." நினைத்துக்கொள்வேன், நிறையவே நினைத்துக்கொள்வேன்.

"அவங்ககிட்ட நேத்தே முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு? அவங்க நல்லாத்தானே ஆடறாங்க."

"நல்லாத்தான் ஆடறாங்க. போன வாரம் அவங்களோட ஆடிப் பார்த்தேன். கோவப்படாதீங்க. நான் தப்பா அடிச்சா 'பரவாயில்ல'ங்கறாங்க. வலையில அடிச்சா பரவாயில்ல, வெளியில அடிச்சா பரவாயில்ல. தோத்துட்டு வெளிய வந்தோம், சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருந்தது. சொல்லுங்க அண்ணி, தோத்துட்டு யாரோட சண்டை போடறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது நான், சிக்னலில் நின்றதால் தப்பித்தோம். துடைத்துக்கொண்டு, "சரி, அந்தக் கடைசிப் பந்தை ஏன் விட்டே?" என்றேன்.

"நான் விட்டேனா? அது உங்க பந்து!"

"என் பந்தா? உன் கைக்கு நேரா வந்தது!"

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நாங்கள் இறங்கவில்லை. இன்னும் பேசி முடியவில்லை.