லைன் வேகம் பார்த்த வேலாயுதம்

துறைமுக அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த வேலாயுதத்துக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் சோறு இறங்கும். 2008-ல் அவர் மகள் வசுமதியைச் சிங்கப்பூர் பல்கலைக்கழகம் ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. ஆராய்ச்சி இடம் ஒன்றே ஒன்று. காலை பதினொரு மணிக்கு இன்டர்நெட்டிலேயே பேசுவார்கள். ஜாதவ்பூரில் ஐந்து வருஷம் படித்த படிப்புக்குப் பலன் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மனிதர் சும்மா இருப்பாரா?

பாலிகஞ்ச் ஃபிளாட்டுக்கு வரும் கேபிள் இன்டர்நெட் லைனை நம்ப அவருக்கு மனசில்லை. உள்ளறைக் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து நாலு வரி கட்டளை எழுதினார். எங்கோ இருக்கும் ஐந்து எம்.பி. கோப்பை அது இறக்கும், வந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளும், உடனே மறுபடி இறக்கும். நொடிக்கு அறுபது கே.பி., அறுபது, ஐம்பத்தொன்பது. திருப்திதான். ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

பதினொன்று ஐந்துக்கு எண் முப்பதுக்கு இறங்கியது. முன்னறையில் வசுமதி, கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாதி கேள்விதான் காதில் விழுந்தது. பதின்மூன்றாவது நிமிஷம் அழைப்பே அறுந்தது. வேலாயுதத்துக்குக் கோபம் தலைக்கேறியது. கேபிள்காரர் தபனைப் போனில் பிடித்து, பெங்காலியில் தெரிந்த வசவையெல்லாம் கொட்டி, உன் திருட்டுக்கு அத்தாட்சி என் கையில் இருக்கிறது என்று வரவழைத்தார்.

தபன் அந்த எண்களைப் பொறுமையாகப் பார்த்தார். மாமா என்பதுபோல மேஷோமஷாய் என்று விளித்து, இது இப்போதும் ஓடுகிறதா என்று கேட்டு, இரண்டு விசையை அழுத்தி நிறுத்தினார். வசுமதி லேப்டாப்பில் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் குரல் கேட்டது. லைனில் பாதியை அப்பாவின் சோதனையே தின்றிருக்கிறது. மிச்சத்தில்தான் மகள் திண்டாடியிருக்கிறாள். வேலாயுதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. தபனுக்கு டீ கொடுக்கச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

தபன் போனதும் வேலாயுதம், "லைன்ல கோளாறு இல்லம்மா. நான்தான்," என்றார்.

வசுமதி லேப்டாப்பிலேயே கண்ணாக இருந்தாள். நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை கூப்பிடுவதாகச் சிங்கப்பூரிலிருந்து மெயில் வந்திருந்தது.

"சரிப்பா. நாலு மணிக்கு நீங்க வீட்ல இருக்க வேண்டாம். ஹவுரா வரைக்கும் போய்ட்டு ஆறு மணிக்கு வாங்க."

வேலாயுதம் உள்ளறைக் கம்ப்யூட்டரின் பிளக்கைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினார்.