ரேகை விழுந்த தாள்கள்

சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஐந்து பெண்கள் தாள் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவர்கள் கையால் அச்சடித்த பூப்படங்கள். சாயம் வழிந்ததால் கழித்துப் போட்டவை. ஒவ்வொன்றின் மூலையிலும் கட்டைவிரல் ரேகை இருந்தது. தாளைக் கெடுத்தவள் மையில் விரலை ஒற்றி அங்கே வைத்தாக வேண்டும், சம்பளத்தில் பிடிப்பதற்கு.

ஐவரில் இளையவளின் அக்கா அங்கேதான் தாள் வெட்டுகிறாள். போன வாரம் வெட்டும் மெஷின் அவளுடைய வலது கட்டைவிரலை எடுத்துக்கொண்டது. வேகம் போதவில்லை என்று, விரல் உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னவர் மேனேஜர். இப்போது, தன் கவனக்குறைவுதான் என்று அவள் ஒப்புக்கொண்டால் வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

“பன்னெண்டு வருஷமா வெட்டினவளுக்கு அன்னைக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சாமா?” என்றாள் தங்கை, பசையைக் குழைத்தபடி.

துண்டுகளைப் பெரிய வெள்ளைத் தாளில் ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு கை செய்தார்கள். நான்கு விரல்களிலும் சிவப்புப் பூக்கள். கட்டைவிரலின் இடத்தை வெள்ளையாக விட்டார்கள். கீழே, ‘கம்பியைக் கழற்றியது யார்?’ மறுநாள் காலை அது பட்டறையின் திறந்து ஓரமாகத் தள்ளியிருந்த இரும்புக் கேட்டில், வெளிப்பக்கமாக ஒட்டியிருந்தது.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“அறிவுக் கொழுந்துங்களா! யார் வேலைன்னு நான் தேடவே வேணாம். எல்லாரும் ரேகை வெச்சுல்ல குடுத்திருக்கீங்க!”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தினமும் வைத்துப் பழகிய மை, பூக்களுக்கு நடுவே ஒருத்தி கண்ணிலும் படவில்லை. தங்கைக்குக் கோபம்தான் வந்தது.

“தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன? நல்லா எண்ணிப் பாருங்க சார். ஒருத்தியக்கூட விட்டுடாதீங்க.”

அவர், பதில் சொல்ல வந்திருந்த அக்காவிடம் திரும்பி, அவள் கவனக்குறைவுதான் என்று எழுதி வைத்திருந்த தாளையும் மைப்பெட்டியையும் நீட்டினார். “நீயாவது பொழைச்சுக்கோ. இடது கை ரேகை போதும்.”

அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

“அக்கா, வேணாம்!”

“சும்மா இருடி.”

நீட்டிய தாளைத் தாண்டி அவள் கேட்டுக்கு நடந்தாள். வெள்ளையாகக் கிடந்த அந்த இடத்தில் விரலை வைத்து, நிதானமாக உருட்டி எடுத்தாள்.

“இதுங்க எல்லாத்தையும் வெளிய தள்ளு! கேட்டச் சாத்து!” என்று கத்தினார் மேனேஜர்.

வாட்ச்மேன் சாத்தினார். ஓரமாகத் திரும்பியிருந்த அந்தக் கை இப்போது தெருவைப் பார்த்து நின்றது. மை இன்னும் காயவில்லை.