மரத்துப்போன முட்டி

எங்கள் கால்பந்து மைதானத்துச் சேறு இங்கிலாந்தின் லங்காஷயர் முழுக்கப் பிரசித்தம். ஒரு நவம்பரில் அதற்குள் முங்கிய லைன்ஸ்மேன் ஈஸ்டருக்குத்தான் வெளியே வந்தார். அப்போதும் கொடியை இறக்கவில்லை. அந்தச் சேற்றில் நான் கோல்கீப்பர். எனக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் வில்ஃப் ஓர்மராட். அவன் தலையால் முட்டிய பந்து ஒருமுறை அடுத்த ஊர் பஞ்சாலைப் புகைபோக்கிக்குள் விழுந்து ஆலையே நின்றுபோனது. நம்பாதவர்கள் பந்தைக் காட்டு என்பார்கள். எரிந்துபோனதை எங்கே காட்டுவது?

ஐம்பத்து மூன்றாம் வருஷம், சீசனின் கடைசி ஆட்டம். வில்ஃபின் இடது முட்டி முட்டைக்கோஸ் மாதிரி வீங்கியிருந்தது. அவன் கேட்டதெல்லாம் இன்னும் ஒரே ஒரு சீசன். அதற்கு மேனேஜர் பிக்கர்ஸ்கில், நாங்கள் முதலாளி என்று கூப்பிடுபவர், அந்த முட்டியை நம்ப வேண்டும்.

ட்ரெய்னர் சேத் முட்டியை மரத்துப்போக வைக்கும் ஊசியோடு வந்தான். என் மாமியார் கம்பளி பின்னும் ஊசிகூட அவ்வளவு நீளமில்லை.

"வலிக்குதாடா?"

"உன் மூஞ்சியைப் பாக்கறதைவிட ஒண்ணும் வலிக்கல. குத்து."

ஆட்டம் பாதிகூட ஆகவில்லை, டக்கென்று ஒரு சத்தம். கோலுக்குள் நின்ற எனக்கே கேட்டது. தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது. வில்ஃப் குனிந்து, யாரோ மறந்து விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தான்.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. அடிபட்டவனை இடது ஓரத்தில் நிறுத்திவிடுவோம். நொண்டி நின்றாலும் எதிரணியில் ஒருத்தன் அவனைக் கவனித்துத்தானே ஆகவேண்டும்?

சேத் வாளியும் பஞ்சுமாக ஓடிவந்தான். "ஓரத்துக்குப் போ."

"போனா முதலாளிக்குத் தெரிஞ்சிடும். எனக்கு வலிக்கவே இல்ல, சேத்."

"எப்படிடா வலிக்கும், மடையா? ஊசி போட்டதே நான்தானே!"

வில்ஃப் போகவில்லை. அடுத்த பந்துக்குப் பாய்ந்தான். கால் ஒரு பக்கம் போனது, முட்டி மறுபக்கம் போனது. அதற்குப் பிறகு அவனாகவே எழுந்து, காலை இழுத்துக்கொண்டு இடது ஓரத்துக்குப் போய் நின்றான்.

"வில்ஃப்! பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்பா!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

வழக்கமாக இப்படிக் கத்துபவனின் வம்சத்தையே இழுத்துப் பதில் கொடுப்பவன் வில்ஃப். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து பதினொரு பேரும் ஒரே தொட்டியில் குளித்தோம். தண்ணீர் கறிக்குழம்பு நிறம். ஊசியின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வில்ஃபின் நெற்றியில் வேர்வை. அப்போது பிக்கர்ஸ்கில் தொப்பியோடு உள்ளே வந்தார்.

"நல்லா ஆடினேப்பா. ஆகஸ்ட்ல, புது சீசன்ல, உன் சட்டையை அந்தப் புதுப் பையன் ரெனிசன் போட்டுக்குவான்."

"சரி, முதலாளி."

அவ்வளவுதான். ஒரு பெருமூச்சு விட்டிருந்தால்கூட, அதில் கூரை பறந்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதுகூட இல்லை.

"கத்தித் தொலைடா," என்றேன்.

"எதுக்கு?"

மற்றவர்கள் துடைத்துக்கொண்டு மதுக்கடைக்குக் கிளம்பினார்கள். அவன் மட்டும் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். கைவிட்டுப் பார்த்தேன், ஐஸ்.

"தண்ணி எப்பவோ ஆறிடுச்சு, வில்ஃப். வெளிய வா."

"அப்படியா?" என்றான்.