பேரப்பிள்ளைகள் ஐவர்

“டீ ஆறுது. இன்னைக்கு யார் வீட்டுல கைவரிசை?” என்று கேட்டேன்.

“ஒரு பல் டாக்டரோட வெப்சைட்ல,” என்றார் என் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறர் வலைப்பக்கத்தைத் திறப்பார். வலது கிளிக், இன்ஸ்பெக்ட். உள்ளே இருக்கும் நிரல் வரிகள் மொத்தமும் குடல் சரிந்ததுபோல் வெளியே வரும். அதை அள்ளி, பெயரையும் படத்தையும் மாற்றுவார். அலுவலகத்தில் அதற்கு வடிவமைப்பு என்று பெயர்.

“நீங்களா யோசிச்சு எழுதினது ஏதாவது உண்டா?”

“உனக்கு எழுதின லெட்டர்.”

“அதுவும் எங்கயோ படிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

மறுநாள் காலை அலுவலக மேஜையிலேயே மாரடைப்பு. வயது முப்பத்தெட்டு.

அவருடைய பக்கத்து நாற்காலிக்காரர் பாசக்காரர். ஒரே வாரத்தில் நிறுவனத்தின் தளத்தில் அஞ்சலிப் பக்கம் போட்டுவிட்டார். எந்த ஆலை முதலாளியின் அஞ்சலியிலிருந்து எடுத்தாரோ, படமும் பெயரும் மட்டும் என் கணவருடையவை. மற்றபடி அவர் எழுபத்தொரு வயது வரை நிறைவாக வாழ்ந்து, பேரப்பிள்ளைகள் ஐவர் சூழ விடைபெற்றிருந்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. பேரப்பிள்ளைகளுக்குக் குறைவில்லை.

போன் செய்தேன்.

“ஐயோ சிஸ்டர், அவசரத்துல கவனிக்கல. ஆனா தளத்துல ஏத்துறவர் லீவு. திங்கக்கிழமை மாத்திடலாம்.”

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் மாமியார் வருவதாகச் சொல்லியிருந்தார், மகனின் பக்கத்தைப் பார்க்க. பெற்றவள் கண்ணில் அந்த வரிகள் படக்கூடாது.

பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தொழில் கை கொடுத்தது. வலது கிளிக், இன்ஸ்பெக்ட். எழுபத்தொன்றை முப்பத்தெட்டாக்கினேன். ஐந்து பேரையும் ஒரே தட்டலில் அழித்தேன். என் திரையில் மட்டும்தான் மாறும். ஊருக்கெல்லாம் பழையதே தெரியும். ஒரு மாமியாருக்கு ஒரு திரை போதும்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

“மாத்திட்டாங்களா?”

“எதை அத்தை?”

“நேத்து உன் நாத்தனார் போன்ல காட்டினாளே. எழுபத்தொண்ணுன்னு இருந்துச்சு. பேரப்பிள்ளைங்ககூட இருந்துச்சு.” கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியே விட்டிருக்கலாம்மா.”

திங்கட்கிழமை பக்கத்து நாற்காலிக்காரர், தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, சொன்ன நாளில் அழைத்தார். வேண்டாம் என்றேன்.

அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. வயது எழுபத்தொன்று. பேரப்பிள்ளைகள் ஐவர்.