தண்ணீர் ஏன் ஏறியது

என் வீட்டுக்காரர் இயற்பியல் வாத்தியார். வாய் ஓயாத மனிதர். பக்கவாதம் வந்து, கைகால் ஓரளவு தேறிய பிறகும் பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் ஆப்பிள் படத்தைக் காட்டி, சொல்லுங்க சார் என்று கெஞ்சுவாள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பேச முடியும், ஆனால் அவருக்கே ஆசை வரவேண்டும், இப்படியே விட்டால் பேச்சு வராமலே போய்விடலாம் என்று அவள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

ஊருக்கே பாடம் நடத்தியவரை ஆப்பிள் சொல்லச் சொன்னால் ரோஷம் வராதா? இவர் வாயைக் கிளறும் வழி எனக்குத் தெரியும். யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் போதும், சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டுத் திருத்த வந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து திருத்தப்பட்டே நொந்தவள் நான்.

மறுநாள் பயிற்சிப் பெண் வந்ததும், அவர் முன்னால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினேன். நடுவில் மெழுகுவர்த்தியை ஏற்றி, பெரிய கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தேன். விளிம்பில் குமிழிகள் வந்தன. சுடர் சுருங்கி அணைந்தது. அதன் பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஜாடிக்குள் ஏறியது.

அந்தப் பெண்ணிடம், இவர் காதில் விழும்படி அளந்துவிட்டேன். "பாத்தியாம்மா, உள்ள இருந்த ஆக்ஸிஜனை நெருப்பு தின்னுடுச்சு. காலியான எடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம்."

பரீட்சைத் தாளில் இந்த விளக்கத்தைப் பார்த்தால் தாள் கிழியக் கோடு போடுவார். இப்போது கழுத்து நரம்பு புடைத்தது.

"த... தப்பு."

என் வாழ்நாளில் நான் அதிகம் வெறுத்த சொல் அது. கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் போனால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, என்ன தப்பு என்று சண்டைக்கு நின்றேன்.

"சூடு... காத்து வெளிய போச்சு." குமிழி வந்த விளிம்பைக் காட்டினார். "அணைஞ்சதும்... மிச்சம் குளுந்து... சுருங்குது." வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுவதை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். மூச்சு வாங்கியது. பிறகு மெழுகுவர்த்திப் பெட்டியைத் தட்டினார். "மூணு வை."

மூன்று வைத்தேன். சூடு கூடியதால் குமிழியும் கூடியது, தண்ணீரும் அதிகம் ஏறியது. இருந்த ஆக்ஸிஜன் அதேதானே, இப்போது என்ன சொல்கிறாய் என்பது போல் என்னைப் பார்த்தார்.

இதெல்லாம் எனக்கு எப்போதோ மனப்பாடம்.

"மூணு பேரும் சேந்து நெறைய தின்னுட்டாங்க," என்றேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு," என்றார். இந்த முறை திக்கவில்லை.