மணி கேட்கும் தூரம்

சத்தம் கேட்டுச் சயோகோ திரும்பியபோது ஸ்டாண்டின் மேல் கேமரா அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் குனிந்திருந்த கணவனைக் காணவில்லை. கற்கள் சரியும் ஒலி கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"என்னங்க?"

மூடுபனி பாறை விளிம்பைத் தாண்டி ஏறிவந்து அவள் காலடியில் படர்ந்தது. எதுவும் தெரியவில்லை.

"இங்கதான் இருக்கேன்." தமோத்சுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "விளிம்புக்கு வராத. மொதல்ல உட்காரு."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேமரா விழுந்துருச்சா?"

"இல்ல. நிக்குது."

"அதுக்காவது புத்தி இருக்கு." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

அக்டோபர் வந்தால் தமோத்சுவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருந்த காலத்திலேயே லீவு போட்டுவிட்டு இந்த மலைக்கு வந்துவிடுவார். உச்சியில் பைன் புதர்களின் பச்சை, நடுச்சரிவில் பிர்ச் மரங்களின் மஞ்சள், அடியில் நானகமாடோ மரங்களின் சிவப்பு, மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும் அவருக்கு. ஒரு வருஷம் மழை கெடுக்கும், ஒரு வருஷம் காற்று இலையை உதிர்த்துவிடும். சயோகோவுக்கு உயரம் என்றாலே பயம். நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டக்கூட மாட்டாள். ஆனால் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் இந்த முறை தானும் கிளம்பிவிட்டாள்.

"அடி பட்டிருக்கா? கால் வலிக்குதா?"

"வலிக்கல. கால் இருக்குறதே தெரியல."

வலிக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் அவளை நடுங்க வைத்தது. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. உயர்த்திப் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள்.

"போன் எடுக்காது இங்க. கீழ இருக்குற விடுதிக்குப் போ. அங்க ஆளுங்க இருப்பாங்க."

"என்னால தனியா இறங்க முடியாதுங்க. அந்தச் சங்கிலி இருக்கே."

ஏறும்போது, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய அந்தச் செங்குத்துப் பாறையில் அவர்தான் அவள் இடுப்பைப் பிடித்துத் தள்ளி ஏற்றியிருந்தார்.

"பாறையப் பாத்துகிட்டே இறங்கு. ஏணில இறங்குற மாதிரி. கீழ பாக்காத."

"உங்கள விட்டுட்டு எப்படிப் போவேன்?"

"நான் எங்கயும் போகப் போறதில்ல, போ."

அவள் தன் மேலங்கியைக் கழற்றிச் சுருட்டி, தவழ்ந்தபடியே போய், குரல் வந்த பக்கம் வீசினாள். பனி அதை விழுங்கியது.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. நல்லா சூடா இருக்கு. சயோகோ, பேசினா மூச்சு பிடிக்குது. நான் மணிய ஆட்டுறேன். அதக் கேட்டுகிட்டே இறங்கு."

கரடி விலகிப் போவதற்காக அவர் தன் பையில் கட்டியிருந்த பித்தளை மணி அது.

"மணி நின்னுட்டா?"

கீழே பையின் வார் பாறையில் உரசும் ஒலி கேட்டது.

"நின்னா, நீ தூரம் போயிட்டேன்னு அர்த்தம். அவ்வளவுதான். கெளம்பு."

மணி ஒலித்தது. அவள் இறங்கினாள்.

சங்கிலி பனியில் நனைந்து வழுக்கியது. பாறையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, ஒரு காலால் கீழே துழாவினாள். இடம் அகப்படவில்லை. அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று அதை விழுங்கினாள். மேலே மணி ஒலித்தது. கால் எங்கோ ஊன்றியது.

பாறை முடிந்து மூங்கிற்புல் தொடங்கியது. தலையுயரப் புல்லுக்குள் ஏதோ ஒன்று சரசரத்து நகர்ந்து, அவள் நின்றதும் தானும் நின்றது. "நான் போயிடறேன், போயிடறேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். மணியும் தொடர்ந்து வந்தது. மெலிதாக, விட்டுவிட்டு.

ஓடையின் இரைச்சல் கேட்கத் தொடங்கிய திருப்பத்தில் அவள் நின்றாள். மணி இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் மட்டும்தான் இரைந்தது. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் மறைக்காத இடத்துக்குப் போய்விட்டால் தெரிந்துவிடும். மேலே வைக்கப் போன காலை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே வைத்தாள். அதற்குப் பின் ஓடினாள்.

விடுதிக்கு முன்னால் பனி விலகக் காத்துக் கேமராக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் முதலில் நின்றவரின் சட்டையைப் பிடித்தாள். மேலே கையைக் காட்டினாள். விடுதிக்காரி இகுயோ ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

நண்பகலுக்குப் பிறகுதான் பனி கலைந்தது. ஹெலிகாப்டர் வந்தபோது மலை முழுவதும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திறந்துகிடந்தது. வரிசையில் நின்றவர்கள் யாரும் கேமராவைத் தொடவில்லை. இகுயோ கொடுத்த மிசோ சூப் ஆறி, அடியில் கலங்கல் படிந்தது.

மீட்புப் படை இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவள் முன் மண்டியிட்டான். அவன் சொல்லத் தொடங்குமுன்பே அவள் தலையசைத்துவிட்டாள்.

"அம்மா, இது உங்களோடதா? மேல ஒரு பைன் புதர்ல மாட்டியிருந்துச்சு. அவரு கைக்கு எட்டாத இடம்."

மேலங்கி காய்ந்தே இருந்தது. அவள் அதை மடியில் வைத்து, சுருக்கம் நீவினாள்.

"எத்தன மணிக்கு நடந்திருக்கும்னு டாக்டர் சொல்லுவாரு. வேணும்னா நான்..."

"வேணாம் தம்பி. மணி கேக்கல. நான் தூரம் போயிட்டேன், அதான் கேக்கல."

அவனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலை குனிந்து, "சரிம்மா" என்றான்.

உடலை ஹெலிகாப்டரில் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு அதில் இடமில்லை. இகுயோ அவளை அடிவாரத்துக்கு அழைத்துவந்து, சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே, பாலத்தை ஒட்டியிருந்த ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு பஸ் டிக்கெட் வாங்கப் போனாள்.

"அம்மா, எங்கள ஒரு போட்டோ எடுப்பீங்களா?" ஓர் இளஞ்ஜோடி. பெண் அதற்குள் பாலத்தின் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். "பின்னாடி மலை முழுசா வரணும்."

சயோகோ எழுந்து போனை வாங்கினாள். மாலை வெயிலில் மலை எரிந்துகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் வாங்க," என்றாள்.

ஓர் அடி வந்தார்கள்.

"இன்னும் வாங்க."

"மலை வராதேம்மா," என்றான் பையன்.

"இன்னும் கொஞ்சம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கைப்பிடியை விட்டு நகர்ந்து வந்தார்கள், அவள் கைநீட்டினால் தொடும் தூரத்துக்கு. திரையில் இரண்டு முகங்கள் மட்டும் நிறைந்திருந்தன. அவள் அழுத்தினாள்.